இடது இறக்கையின் அடிப்பக்கம்

தான் செய்த பற்களைக் கொண்டு எத்தனை பேர் சிரிக்கிறார்கள் என்று அவளுக்கே தெரியாது. பல் மருத்துவர்கள் வாய் அச்சு எடுத்து அனுப்புவார்கள். லிஃப்ட் நிற்காத ஒரு மாடியில் இருந்த கூடத்தில் உட்கார்ந்து அவள் பீங்கான் பல் செய்து கொடுப்பாள். வெள்ளையாக ஒரு பல் செய்வது பெரிய காரியமில்லை. பக்கத்துப் பல்லில் இருபது வருடக் காப்பி ஏறியிருக்கும். புதுப் பல் மட்டும் பளிச்சென்று நின்றால் பார்க்கிறவர் கண் நேரே அங்கேதான் போகும். அதனால் நுனி மெல்லிய தூரிகையால் விளிம்பில் கொஞ்சம் பழுப்பு, நடுவில் மயிரிழையாக ஒரு விரிசல், ஈறோரம் நிழல்போல ஒரு மஞ்சள். பிறகு சூளை. வெளியே வரும்போது அந்தப் பல் இருபது வருடம் சாப்பிட்டிருக்கும்.

புகைப்படத்தை நம்ப மாட்டாள். ஆளையே வரவழைத்து, ஜன்னலோரம் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்து, மனதில் ஏற்றிக்கொண்டுதான் தீட்டுவாள். இரண்டு விஷயத்தில் கறார். தானாகக் கற்பனை செய்து போடும் எதையும் இரண்டு பக்கமும் போடுவாள். ஒரு பக்கம் மட்டும் கறை இருந்தால் அது அந்த ஆளின் வாயில் பார்த்த கறை. இன்னொன்று, போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்திவிடுவாள். கடைசிக் கறைதான் போலி என்று காட்டிக்கொடுக்கும் என்பது அவள் கட்சி.

வீட்டில் அவள் பெயர் பல்லு. கீழே அக்கா குடும்பம், மேலே அவள். ஒரு கல்யாணம் நடந்து ஒன்றரை வருடத்தில் முடிந்துபோயிருந்தது. அதற்குப் பிறகு வந்த பழக்கம்தான் மாதிரி விமானம். ஒரு சாண் நீளத்துக்குப் பிளாஸ்டிக் துண்டுகளாகப் பெட்டியில் வரும். வெட்டி, ராவி, ஒட்டி, வண்ணம் அடித்து, பிறகு அதன்மேல் மழையும் வெயிலும் புகையும் ஏற்றுவாள். பல் செய்யும் அதே தூரிகை. அலமாரியில் பதினேழோ பதினெட்டோ நின்றன. அக்கா தூசி தட்டுகிறேன் என்று வந்து, எது தூசி எது வேலை என்று தெரியாமல் திரும்பிப் போவாள்.

அக்காவின் கணவர், இவளுக்கு அத்தான், விமானப் பயிற்சிப் பள்ளியில் தலைமை மெக்கானிக். அவருக்கு வேலையில் கடைசி மாதம் வந்தபோது அக்கா படியேறி வந்தாள்.

"எல்லாரும் கடியாரம்தான் குடுப்பாங்க. நீ அந்த வண்டியைச் செஞ்சு குடேன்."

"எந்த வண்டி?"

"சிவப்புக் கோடு போட்டது. அதுலதானே இந்த மனுஷன் பாதி ஆயுசைப் போட்டாரு. என் பேரு மறந்தாலும் அது நம்பர் மறக்காது."

"செய்யறேன். ஆனா என் இஷ்டப்படிதான்."

"அழுக்காக்கிடாதேடி. உன்னைக் கையெடுத்துக் கும்பிடறேன்."

"அழுக்கு இல்லக்கா. அது ஓடின வண்டின்னு தெரியணும்ல."

"புதுசு வாங்கி, ஒட்டி, பெயிண்ட் அடிச்சு, அப்புறம் உட்கார்ந்து அதைப் பழசாக்கற ஒரே ஆளு நீதான். இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா? சும்மா உங்க அத்தான்கிட்ட குடு. அவரு கைபட்டா எதுவும் ஒரே வாரத்துல பழசாயிடும்."

விமானத்தை நேரில் பார்க்க வேண்டும் என்றாள் பல்லு. அக்காவின் ஒரே மகள் அதே பள்ளியில் பறக்கக் கற்றுத்தருகிறாள். மெலிந்த உடம்பு, ஓயாத வாய். எல்லாருக்கும் அவள் குருவி. அத்தான் வீட்டில் தூங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை குருவி சித்தியைப் பள்ளியின் கொட்டகைக்கு அழைத்துப் போனாள். தகரக் கூரை, எண்ணெய் ஊறிய சிமெண்ட் தரை. சுவரில் ஆள் உயர எழுத்தில் 'கழுவும் முன் பார்' என்று எழுதியிருந்தது.

"அது அப்பாவோட வேதம்," என்றாள் குருவி. "வண்டியைக் கழுவறதுக்கு முன்னாடி அழுக்கைப் படிக்கணுமாம். எங்க எண்ணெய் கசியுது, எங்க புகை படிஞ்சிருக்குன்னு. கழுவிட்டா வண்டி ஊமையாயிடும்னு சொல்வாரு."

சிவப்புக் கோடு போட்ட விமானம் வெள்ளையாக நின்றது. இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானம். இறக்கை உடம்பின் அடியில் தாழ்வாகப் போயிற்று. இரண்டு இறக்கைக்கும் கீழே ஒவ்வொரு சக்கரக்கால். பல்லு ஒரு அட்டையைத் தரையில் போட்டு மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தாள்.

"சித்தி, வாயைத் திறக்கச் சொல்லட்டுமா?"

"கொஞ்சம் சும்மா இரு."

வலது இறக்கையின் அடியில் சேறு தெறித்த புள்ளிகள், மங்கிய வார்னிஷ். அவ்வளவுதான். இடது இறக்கைக்கு அடியில் போனபோது அவள் கண் நின்றது. சக்கரக்கால் இறக்கையோடு சேரும் இடத்தில், தகட்டை இறுக்கிப் பிடிக்கும் ரிவிட் ஆணிகளின் வரிசை ஒன்று. அவற்றில் சிலவற்றின் பின்னால் மட்டும் சாம்பல் கலந்த கறுப்பில் மெல்லிய கோடு, வால்போல, பின்பக்கம் பார்த்து இழுபட்டிருந்தது. ரிவிட்டின் அருகில் அடர்த்தி, போகப்போக ஒன்றுமில்லை. இதை யாராலும் கற்பனையில் போட முடியாது என்று நினைத்தாள். அழகாக இருந்தது. அது என்ன என்று குருவியிடம் கேட்கத் தோன்றவில்லை. அழுக்கைப் பற்றி ஒருவரிடம் என்னவென்று கேட்பது?

வீட்டுக்கு வந்து வேலையை ஆரம்பித்தாள். அடிப்பூச்சாகச் சாம்பல் பிரைமர். அதன்மேல் வெள்ளை, மெல்லிய பூச்சுகளாக. மறைப்பு நாடா ஒட்டிச் சிவப்புக் கோடு. நீரில் ஊறவைத்து ஒட்டும் எழுத்துகளில் நம்பர். அதுவரைக்கும் அக்கா பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பாள். அப்புறம் பழுப்பு எண்ணெய் வண்ணத்தை டர்பன்டைனில் கரைத்துத் தகடுகளின் இணைப்புக் கோடுகளில் ஓடவிட்டு, காய்வதற்குள் பஞ்சுக் குச்சியால் முன்னிருந்து பின்னாகத் துடைத்தாள், காற்று துடைக்கிற திசையில். எஞ்சின் மூடியின் இரண்டு பக்கமும் புகை. அது அவள் கற்பனை. கதவோரம் கால் பட்டு உரிந்த வெள்ளைக்குக் கீழே பொட்டு பொட்டாக வெள்ளி.

கடைசியாக விமானத்தைக் கவிழ்த்தாள். பென்சில் முனையை உப்புத்தாளில் தேய்த்துப் பொடி எடுத்து, உலர்ந்த தூரிகையில் தொட்டு, இடது சக்கரக்காலின் அருகே ரிவிட் ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு இழுப்பு. மூச்சை நிறுத்தித்தான் இழுக்க வேண்டும். நான்கு கோடு ஆனதும் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். தூரிகையைக் கீழே வைத்துவிட்டாள்.

பிரிவு விழா பகலில், கொட்டகையிலேயே நடந்தது. மேஜைமேல் கேக், காகிதக் கோப்பைகளில் தேநீர், தலைக்கு மேல் விட்டுவிட்டுச் சுற்றும் மின்விசிறி. விமானத்தை முதல் நாள் சாயங்காலமே கழுவி மெழுகு போட்டிருந்தார்கள். அத்தான் அதன் மூக்கில் கைவைத்து நின்று படம் எடுத்துக்கொண்டார். அவருக்கு முழங்கால் போய் ஒரு வருடமாகிறது. குனிந்து செய்யும் வேலையெல்லாம் அடுத்த நிலை மெக்கானிக் ஒல்லியின் பொறுப்பு. கழுவியதும் ஒல்லிதான். முகம் தெரிகிற மாதிரித் தேய்த்திருந்தான்.

"அப்பா, மேல போய் உங்களுக்கு ஒரு சலாம் வெச்சுட்டு வர்றேன்," என்று குருவி ஏறி உட்கார்ந்தாள். "நான் வர்றதுக்குள்ள கேக்கை முடிச்சுடாதீங்க. சித்தி, நீங்கதான் பொறுப்பு."

விமானம் ஓடி எழுந்தது. ஒரு சுற்று சுற்றி, கொட்டகைக்கு மேலே தாழப் பறந்து இறக்கையை ஆட்டிவிட்டுப் போயிற்று. எல்லாரும் கை தட்டினார்கள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு பரிசுகள். கடிகாரம் ஒன்று, இன்னொரு கடிகாரம். மூன்றாவதாகப் பல்லு அட்டைப்பெட்டியை நீட்டினாள்.

அத்தான் திறந்தார். உள்ளங்கையில் வைத்து முகத்துக்கு நேரே உயர்த்தினார்.

"இது நம்ம வண்டியா?"

"ஆமா அத்தான்."

"நான் இவ்வளவு அழுக்காவா வெச்சிருந்தேன்?"

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். பள்ளி மேனேஜர், "எங்க பள்ளிக்கு இப்படி ஒரு விளம்பரமா!" என்றார். பல்லுவின் காது சூடாயிற்று. முப்பத்தைந்து வருடம் எண்ணெய்த்துணியும் கையுமாக நின்ற மனிதர். அவர் கையில், அவருடைய கடைசி நாளில், ஊர் பார்க்க, அழுக்கை அழகாகப் பொட்டலம் கட்டிக் கொடுத்திருக்கிறாள். அவளுக்கு இது இந்த நிமிடம்வரை தோன்றவே இல்லை. அக்கா பக்கத்தில் வந்து பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்.

"படிச்சுப் படிச்சு சொன்னேன்ல."

"அக்கா, நான்..."

"பேசாதே. வீட்டுக்கு வா."

அத்தான் மட்டும் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார். "பரவாயில்ல விடு. மச்சினி கைவேலை. வாலுக்கடியில பாருங்க, கிரீஸ்கூட வழியுது!" என்று கவிழ்த்து எல்லாருக்கும் காட்டினார். காட்டிய கை அப்படியே நின்றது. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டார். மாதிரி விமானத்தை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

சிரிப்பு அவர் முகத்திலிருந்து போவதைப் பல்லு பார்த்தாள். யாரோ துணியால் துடைத்து எடுத்த மாதிரி போயிற்று.

"இது என்ன?"

"எது அத்தான்?"

"இந்தக் கோடு. இடது பக்கம். சக்கரக்கால்கிட்ட."

"கறை."

"கறைன்னு தெரியுது. நீயா போட்டியா, பார்த்துப் போட்டியா?"

குரல் மாறியிருந்தது. கேக் வெட்டிக்கொண்டிருந்தவர் கத்தியை வைத்துவிட்டார்.

"ஒல்லி," என்றார் அத்தான், மாதிரியிலிருந்து கண்ணை எடுக்காமல். "இங்க வா. இடது கால்கிட்ட ரிவிட் பின்னாடி இந்த மாதிரி இருந்துச்சா?"

ஒல்லி எட்டிப் பார்த்தான். "இல்லையேண்ணே. நேத்து நான்தானே கழுவினேன். கண்ணாடி மாதிரி இருக்கு."

"கழுவினப்புறம் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். கழுவறதுக்கு முன்னாடி?"

ஒல்லி சுவரைப் பார்த்தான். எழுத்து அவனுக்கு நேர் எதிரே இருந்தது.

"விழாவுக்குன்னு அவசரமா... உங்களுக்காகத்தாண்ணே... அழுக்கு இருந்துச்சு. எந்த அழுக்குன்னு பார்க்கல. துடைச்சேன்."

மேனேஜர் நடுவில் வந்தார். "என்ன விஷயம்? என்ன ஆச்சு?"

"ரிவிட் புகைஞ்சிருக்கு சார்."

"புரியலை."

"ரிவிட் இறுக்கமா இருந்தா சுத்தமா இருக்கும். உள்ள ஏதாவது விட்டுப்போச்சுன்னா ரிவிட் ஆட ஆரம்பிக்கும். ஆடினா உரசும், உரசினா பொடி வரும், காத்து அந்தப் பொடியைப் பின்னால இழுக்கும். இப்படித்தான் இருக்கும். அச்சு அசல் இப்படித்தான். பசங்க தொம்முனு இறக்கறப்ப அடி வாங்கறது அந்த இடம்தான். அந்தக் கால் எப்ப வேணா மடங்கலாம்."

மேனேஜர் மாதிரியைப் பார்த்தார். "பெரியவரே, இது பொம்மை. அவங்க அழகுக்காக ஏதோ தீட்டியிருக்காங்க. நல்ல நாள் அதுவுமா எல்லாரையும் பயமுறுத்தாதீங்க."

வானத்தில் எங்கோ எஞ்சின் சத்தம் கேட்டது. குருவி திரும்பிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. காகிதக் கோப்பை கையிலிருந்து விழுந்து தேநீர் செருப்பில் கொட்டியது. அவள் நகரவில்லை.

"பல்லு," என்றார் அத்தான். அவளை அவர் அப்படிக் கேலிக்குத்தான் கூப்பிடுவார். இப்போது கேலி இல்லை. "நல்லா யோசிச்சு சொல்லு. அங்க ஒண்ணும் இல்லாம நான் அவகிட்ட போய் கால் மடங்கும்னு சொன்னா பயத்துலயே தப்பா இறக்கிடுவா. இருந்து, நான் சொல்லாம விட்டா... பார்த்தியா?"

பார்த்தேனா? அட்டையில் மல்லாந்து படுத்தது நினைவிருந்தது. தகரக் கூரை, குருவியின் ஷூ எல்லாம் நினைவிருந்தது. ஆனால் இறக்கையின் அடிப்பக்கத்தை நினைத்தால் தன் மேஜைமேல் கவிழ்ந்து கிடந்த அந்தப் பிளாஸ்டிக் விமானம்தான் கண்ணில் வந்தது. எது விமானம், எது தான் தீட்டியது என்று பிரிக்க முடியவில்லை. இவ்வளவு நாள் இந்த வேலையில் அதுதான் அவளுடைய பெருமை.

மாதிரியை அவர் கையிலிருந்து வாங்கினாள். புகை, எஞ்சினின் இரண்டு பக்கமும் ஒரே அளவு. அது இவள் போட்டது. இடது இறக்கையின் அடியில் கோடு. வலது இறக்கையின் அடியில் வெறும் சேற்றுப் புள்ளி.

"பார்த்தேன்."

"உறுதியா?"

"நானா போட்டிருந்தா ரெண்டு பக்கமும் போட்டிருப்பேன் அத்தான். இல்லாததைப் போடறப்ப என் கை ஒரு பக்கம் மட்டும் போடாது. ஒரு பக்கம் மட்டும் இருக்குன்னா அது அங்க இருந்தது."

மேனேஜர், "இதெல்லாம் ஒரு..." என்று ஆரம்பித்தார். அத்தான் அதற்குள் ஒரு காலை இழுத்துக்கொண்டு ரேடியோ இருக்கும் அறைக்கு ஓடிக்கொண்டிருந்தார். ஓடி அவரைப் பல்லு பார்த்ததே இல்லை.

அறைக்குள் நான்கு பேருக்குத்தான் இடம். அக்காவும் பல்லுவும் வாசலில் நின்றார்கள். குருவியின் குரல் கரகரத்து வந்தது.

"என்னப்பா, ரிடையர் ஆனவங்க எல்லாம் ரேடியோவைத் தொடக் கூடாது. கேக் இருக்கா?"

"நான் சாயங்காலம் வரைக்கும் சர்வீஸ்லதான் இருக்கேன். சொல்றதைக் கேளு. இறங்க வேணாம். மேலயே சுத்து. ரன்வேல தீயணைப்பு வண்டி வந்து நிக்கட்டும். அப்புறம் வலது சக்கரத்துல இறங்கு. இடதைத் தூக்கியே வை. வேகம் முழுக்கக் குறையற வரைக்கும் அதுல எடை ஏத்தாதே."

வெளியே எஞ்சின் சத்தம் மறுபடி உயர்ந்தது.

"இடது கால்ல என்ன?"

"ரிவிட் ஆடுது."

"நீங்க பார்த்தீங்களா?"

அத்தான் பொத்தானை அழுத்தி, வாசலில் நின்ற பல்லுவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "சித்தி பார்த்தா," என்றார்.

"சித்தியா? சித்திக்குப் பல்லுதானேப்பா தெரியும்?"

யாரும் சிரிக்கவில்லை. பிறகு குருவியின் குரல் வேறு ஆளுடையதுபோல வந்தது. "சரி. வலது சக்கரம். புரிஞ்சுது."

தீயணைப்பு வண்டி போய் நின்றது. விமானம் சுற்றிக்கொண்டே இருந்தது. அக்கா பல்லுவின் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். நகம் பதிந்தது. திட்டுவதற்குப் பிடித்திருக்கிறாளா, விழாமல் இருக்கப் பிடித்திருக்கிறாளா என்று தெரியவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

"தப்பா இருந்துச்சுன்னா?" என்றாள் அக்கா.

தப்பாக இருக்க வேண்டும் என்றுதான் பல்லுவும் வேண்டிக்கொண்டிருந்தாள்.

விமானம் ஓடுதளத்தின் கோடியில் தாழ்ந்தது. வலது இறக்கை கீழே, இடது இறக்கை மேலே, நொண்டுகிற மாதிரி. வலது சக்கரம் தரையைத் தொட்டுப் புகைந்தது. ஒற்றைக்காலில் ஓடிக்கொண்டே இருந்தது. இடது இறக்கை மெல்ல மெல்ல இறங்கியது. குழந்தையைத் தூக்கம் கலையாமல் படுக்கவைப்பதுபோல அந்தச் சக்கரத்தைக் குருவி தரையில் வைத்தாள். விமானம் நின்றது. எல்லாரும் மூச்சு விட்ட அந்தக் கணத்தில் இடது இறக்கை இன்னொரு கையகலம் கீழே அமர்ந்தது. தகரம் நசுங்குகிற ஒரு சத்தம் கேட்டது.

குருவி குதித்து இறங்கி நின்றாள். முகத்தில் ரத்தமில்லை. அக்கா அவளைக் கட்டிக்கொள்ளப் போய், கட்டிக்கொள்ளாமல் தோளில் இரண்டு அடி அடித்தாள். பிறகு கட்டிக்கொண்டாள்.

இறக்கைக்கு முட்டுக் கொடுத்தார்கள். அத்தான் விழாவுக்குப் போட்டிருந்த புதுச் சட்டையோடு தரையில் மல்லாந்து படுத்தார். ஒல்லி, "அண்ணே, நான் பார்க்கறேன், உங்க முட்டி..." என்றான். "டார்ச்சைக் குடு," என்றார் அவர். ஒல்லி கொடுத்துவிட்டுத் தள்ளிப்போய் மேனேஜரின் அருகில் நின்றான். மேனேஜர் அவனைப் பார்க்கவில்லை. யாரையுமே பார்க்கவில்லை.

இறக்கைக்கு அடியில் டார்ச் வெளிச்சம் அங்குமிங்கும் நகர்ந்து ஓரிடத்தில் நின்றது. பிறகு அத்தான் சொன்னார்.

"பல்லு, வா."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு அவர் பக்கத்தில் படுத்தாள். நேற்றுக் கழுவி மெழுகு போட்ட வெள்ளை. சக்கரக்காலைச் சுற்றித் தகடு சுருங்கியிருந்தது. ரிவிட்டுகளின் பின்னால், இந்த ஒரே ஒரு பறப்பில், மயிரிழையாகக் கோடு மறுபடி வந்திருந்தது. அத்தான் ஒரு ரிவிட்டின் தலையில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். அது உள்ளே போய்த் திரும்பி வந்தது, ஆடுகிற பல் மாதிரி. விரலை எடுத்தபோது கறுப்புப் பொடி ஒட்டியிருந்தது.

"உள்ள இறக்கையைத் தாங்கற தூணு வெடிச்சிருக்கு," என்றார். "எவ்வளவு நாளோ."

அவர் அந்தப் பொடியைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். தன் கையால் முப்பத்தைந்து வருடம் பார்த்துக்கொண்ட வண்டி. டார்ச் வெளிச்சத்தில் அவர் முகம் ரொம்பக் கிழடாகத் தெரிந்தது.

"அந்த பொம்மை எங்க?"

அது இவ்வளவு நேரமும் அவளுடைய இடது கையில்தான் இருந்தது. ஒரு சக்கரம் உடைந்து உள்ளங்கையில் குத்தியிருந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை. அத்தான் அதை வாங்கிக் கவிழ்த்து மேலே இருக்கும் இறக்கைக்கு நேரே பிடித்தார். ஒவ்வொன்றாக ஒப்பிட்டார்.

"ஒண்ணை விட்டுட்டே."

"என்ன அத்தான்?"

"இங்க அஞ்சு. நீ நாலுதான் போட்டிருக்கே."

அவளுக்கு இப்போது நினைவு வந்தது, தெளிவாக. தள்ளிப் பிடித்துப் பார்த்தது, தூரிகையைக் கீழே வைத்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஐந்தையும் பார்த்திருந்தாள். ஐந்தாவதைப் போட்டால் அதிகமாகத் தெரியும், செய்த வேலை என்று காட்டிக்கொடுத்துவிடும் என்று விட்டாள். நாலில் நின்றபோது மனதுக்கு நிறைவாக இருந்தது. மூன்றில் நிறைந்திருந்தால் மூன்றோடு நிறுத்தியிருப்பாள். ஒன்றிலும் நிறைந்திருக்கலாம். அக்கா பேச்சுக்குப் பயந்து அடிப்பக்கத்தைத் தீட்டாமலே விட்டிருக்கலாம்.

"நல்லா இருக்காதுன்னு விட்டுட்டேன்," என்றாள்.

அத்தான் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவர் டார்ச்சை அந்த ஐந்தாவது ரிவிட்டின் மேல் திருப்பினார்.

வெளியே குருவியின் ஷூ தெரிந்தது. "சித்தி," என்று கூப்பிட்டாள். ஷூ இரண்டடி முன்னால் வந்து இறக்கையோரம் நின்றது.

பல்லு அத்தானின் கட்டைவிரலில் இருந்த கறுப்புப் பொடியைத் தன் சுண்டுவிரலால் தொட்டாள். அவர் கையிலிருந்த மாதிரியில், நாலாவது கோட்டுக்கு அடுத்த ரிவிட்டின் பின்னால் வைத்து இழுத்தாள். கோடு தடித்துவிட்டது. மற்ற நாலையும் மறைக்கிற அளவுக்குத் தடித்துவிட்டது.

அவள் துடைக்கவில்லை.